உப்புக்கண்டமும் பதினேழு படிகளும்

அக்டோபர் 7, திங்கள்

என் பெயர் உச்சிமாகாளி. இதை நான் எழுதினேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

கத்தரிக்காய் வாங்கினேன். பிறகு கத்தரிக்காய் என்று எழுதினேன். வாங்கியதைவிட எழுத அதிக நேரம் ஆனது. ஆனால் எழுதிய கத்தரிக்காய் வாடாது.

அக்டோபர் 10, வியாழன்

நேற்று எழுதவில்லை. முந்தாநாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது.

எனக்கு எழுபத்தொரு வயது. சாயங்காலம் சர்க்கரைக்காக நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்புக்குப் போகிறேன். ஏழு மாதம் ஆகிறது. சண்முகக்கனி டீச்சர் தினமும் தேதி போட்டு ஒரு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறார். இந்த நோட்டு அரிசி டிரம்முக்குள் இருக்கும். அதற்குள் என்னைத் தவிர யாரும் கைவிட மாட்டார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. நடுவில் குழம்பு ஒருமுறை அடிபிடித்தது.

நான் வேலை பார்க்கும் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. கீழே அருமைநாயகம் ஐயா, கணக்கு வாத்தியாராக இருந்தவர். மாடியில் அவருடைய அக்கா ரூபி பாக்கியம் அம்மா, பிள்ளைகளுக்கு வேடிக்கைக் கதைப் புத்தகங்கள் எழுதியவர். அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஐயாவின் மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். சமையல்கட்டை ஒட்டிய அறையில் நான் இருக்கிறேன். பதினைந்து வயதில் வந்தேன்.

ஐயா பேப்பரை வந்த அன்றே படிக்க மாட்டார். ஏழு நாள் பெட்டியில் வைத்து, ஆறவிட்டுப் படிப்பார். கெட்ட செய்தியெல்லாம் அதற்குள் நடந்து முடிந்திருக்கும், நாம் பதற வேண்டியதில்லை என்பார். மகள் வாங்கிக் கொடுத்த செல்போனை மேசைக்காலோடு நூலால் கட்டிவைத்திருக்கிறார். வீட்டு போன் வீட்டில்தான் இருக்க வேண்டுமாம்.

அம்மாவின் அறையில் ஐந்து கடிகாரங்கள். ஐந்தும் ஐந்து நேரம் காட்டும். எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டுவதற்கு எதற்கு ஐந்து என்று கேட்பார். சாப்பாட்டை மோரில் தொடங்கிக் குழம்பில் முடிப்பார்.

அக்காவும் தம்பியும் பேசி முப்பத்தொரு வருடம் ஆகிறது. சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதுவார்கள். நான் பதினேழு படி ஏறியோ இறங்கியோ கொண்டுபோய்க் கொடுப்பேன். சீட்டை மடிக்கக்கூட மாட்டார்கள். விருந்தாளிகளிடம் ஐயா என்னைக் காட்டிப் பெருமையாகச் சொல்வார்: "இவனுக்கு ஒரு எழுத்து தெரியாது. அதான் நம்ம வீட்டுக்கு ஏத்த ஆளு."

அக்டோபர் 16, புதன்

இன்று முதன்முதலாக ஒரு சீட்டைப் படித்தேன். நான்காவது படியில் தொடங்கிப் பதினொன்றாவது படியில் முடித்தேன்.

இத்தனை வருடமும் நான் சுமந்தது பெரிய விஷயங்கள் என்று நினைத்திருந்தேன். சொத்து, சாபம், மன்னிப்பு, இந்த மாதிரி. சீட்டில் இருந்தது இதுதான்: "நேற்று மழை 14 மில்லிமீட்டர்."

ஐயா தோட்டத்தில் ஒரு ஜாம் பாட்டிலை வைத்து மழை அளப்பார். அதை ஏன் மாடிக்குச் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. மாடியிலும் அதே மழைதானே.

அக்டோபர் 17, வியாழன்

இன்றைய சீட்டு: "ரசத்தில் பெருங்காயம் அதிகம். உன் உத்தரவா?"

பெருங்காயம் போட்டது நான். படியில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மாடி அலமாரியைத் துடைத்தபோது அம்மா எழுதிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை, திருப்பி வைத்துவிடுவேன். பேர் ‘முட்டுச்சந்து மாளிகை’. எழுத்து பெரிது பெரிதாக இருப்பது எனக்கு வசதி.

ஒரு பெரிய வீடு. அதில் எல்லாருக்கும் மறை கழன்றிருக்கிறது. உப்புக்கண்டம் என்று ஒரு வேலைக்காரன். அவனிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து உடனே ஓடு என்கிறார்கள். அவன் பெரிய மனிதர் வீட்டுக்குப் போகிறோமே என்று முதலில் முடி வெட்டிக்கொள்கிறான். பிறகு வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டு, அது காயும்வரை வாய்க்காலில் உட்கார்ந்திருக்கிறான். கடிதம் இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேருகிறது. அதற்குள் அந்தப் பெரிய மனிதர் திருடன் என்று தெரிந்து போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. வீடு தப்பித்தது. எல்லாரும் சிரித்துப் பாயசம் குடிக்கிறார்கள்.

இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று அரிசி டிரம் மேல் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

உப்புக்கண்டத்துக்குச் சாம்பிராணிப் புகை பட்டால் சரியாக மூன்று தும்மல் வருமாம். நான்காவது வராதாம்.

சாயங்காலம் கொசுவுக்குச் சாம்பிராணி போட்டேன். மூன்று தும்மல் வந்தது. நான்காவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

கோபம் வரும் என்று இரண்டு நாள் பார்த்தேன். வரவில்லை. என்னைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது, அதை நானே படிக்கிறேன். எங்கள் தெருவில் வேறு யாருக்கு இந்த யோகம்.

கதையில் ‘அளவுகோல் மாமா’ என்று ஒருவர் வருகிறார். இட்லியின் குறுக்களவை அளந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பெண்பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டுக் கதவை அளக்கிறார். ஐயா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்தப் புத்தகம் வந்தது. ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தபோது சட்டை முதுகில் யாரோ சாக்பீஸால் கோடு கோடாக அளவுகோல் வரைந்திருந்தார்கள். அந்தச் சட்டையைத் துவைத்தது நான். அன்றிலிருந்துதான் அக்காவும் தம்பியும் பேசவில்லை. அப்போது எனக்குக் காரணம் புரியவில்லை.

அக்டோபர் 26, சனி

சீட்டு: "மழை இல்லை. எட்டு மாதமாக உன்னிடமிருந்து பதிலும் இல்லை. இன்னும் கோபமா?"

அம்மா அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "சரி, போ" என்றார். அவருக்குக் கோபம் இருக்கும்போல. வயதானால் கோபமும் கூடத்தான் செய்யும். இப்போதெல்லாம் காபியை நான் கையில் வைத்தால்தான் குடிக்கிறார், மேசையில் வைத்தால் அப்படியே ஆறிப்போகிறது. அதுவும் கோபம்தான்.

இன்று கடை போர்டு ஒன்பது படித்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

இரண்டு பேர் வந்து நாடா போட்டு வீட்டை அளந்தார்கள். ஐயா தன்னுடைய நாடாவையும் எடுத்து வந்து அவர்களுக்குப் பின்னாலேயே அளந்தார். இரண்டு அங்குலம் வித்தியாசம் வந்தது. அவர்களுடையதுதான் தப்பு என்றார். அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்டேன். ஐயா நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 29, செவ்வாய்

இன்றைய சீட்டு நீளம். ஒன்பதாவது படியிலேயே நின்று முடித்தேன். வார்த்தை தவறாமல் இங்கே எழுதுகிறேன்.

"என் முழங்காலுக்கு இந்த வீடு பெரிதாகிவிட்டது. மகள் பெங்களூருக்கு அழைக்கிறாள். வீட்டை வாங்கி இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட ஆள் இருக்கிறது. நாசரேத்துப் பக்கம் பெண்களுக்கான முதியோர் இல்லத்தில் உனக்கு அறை சொல்லிவைத்திருக்கிறேன். பத்திரம் என் பெயரில் இருந்தாலும் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது. விட்டுவிடுகிறேன். நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மதியம் 12 மணிக்குப் பத்திர ஆபீசுக்குக் கிளம்புவேன். அதுவரை பதில் இல்லை என்றால், அப்பா வழக்கப்படி."

அப்பா வழக்கம் எனக்குத் தெரியும். பெரியவர் இருந்த காலத்தில் எதையும் சாப்பாட்டு மேசையில்தான் முடிவு செய்வார். "யாருக்கும் ஆட்சேபனை உண்டா" என்று கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணுவார். யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம்.

என்னைப் பற்றிச் சீட்டில் ஒன்றும் இல்லை. இடம் போதவில்லை. சீட்டின் கடைசிவரைக்கும் எழுதியிருந்தார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி வெடிச் சத்தம். அம்மா பதில் எழுதவில்லை. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. யோசிப்பார்.

நவம்பர் 3, ஞாயிறு

‘அல்வா அடைத்த வாய்’ என்ற அத்தியாயம் படித்தேன். கதையில் ஐந்து கடிகாரம் வைத்திருக்கும் ‘கடிகாரச் சித்தி’யை ஒருவர் பெண் கேட்டு வருகிறார். பழைய கடிகாரம் பழுது பார்ப்பவர், சிரித்த முகம். சித்திக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவர் போன பிறகு தாத்தா சாப்பாட்டு மேசையில், இந்த இடம் நமக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், ஆட்சேபனை உண்டா என்று கேட்டு எண்ணத் தொடங்குகிறார். அந்த நேரம் பார்த்து உப்புக்கண்டம் சித்தியின் வாயில் ஒரு கை அல்வாவைத் திணித்துவிடுகிறான். பல்லோடு பல் ஒட்டிக்கொள்கிறது. சித்தி கையை ஆட்டுகிறார், மேசையைத் தட்டுகிறார். அல்வா பிடித்திருக்கிறதுபோல என்று தாத்தா நினைக்கிறார். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

இந்த அத்தியாயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். அம்மாவைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு அல்வா கிண்டியது நான்தான். ஆனால் நான் வாயில் திணிக்கவில்லை. தட்டில்தான் வைத்தேன். அம்மாவின் வாயில் ஒன்றுமே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். ஐயா கொடுத்த மழைச் சீட்டும் என் வகுப்புத் தாளும் ஒரே சட்டைப் பையில் இருந்தன. மாற்றிக் கொடுத்துவிட்டேன். கீழே வந்த பிறகுதான் கவனித்தேன். என் தாளில் கத்தரிக்காய் என்று பத்துத் தடவை எழுதியிருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று மறுபடி மேலே ஓடினேன்.

அம்மா அந்தத் தாளை மடியில் வைத்திருந்தார். "அவன் புத்தி மாறாது மாகாளி. சாவுற வரைக்கும் இப்படித்தான் எழுதிக்கிட்டு இருப்பான்" என்றார்.

தாள் தலைகீழாக இருந்தது.

படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணைக்கு அடியில் பார்த்தேன். எட்டு மாதச் சீட்டுகள் அடுக்காக இருந்தன. வீட்டுச் சீட்டும் இருந்தது. அடுக்கை அப்படியே திருப்பி வைத்தேன். அம்மா சுவரைத் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் நின்று, இன்று வெயில் நன்றாக இருக்கிறது என்றார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சத்தமில்லாத தூறல்.

நவம்பர் 6, புதன்

வீட்டுச் சீட்டில் இருப்பதை இன்று அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சாக்கடை அடைத்துக்கொண்டது. அதைப் பார்க்க வேண்டியதாயிற்று.

நவம்பர் 7, வியாழன்

சாக்கடை சரியாகிவிட்டது. இன்று சன்னல் கம்பிகளைத் துடைத்தேன். ரொம்ப நாளாகத் துடைக்காமல் கிடந்தன.

படிக்கத் தெரியும் என்று சொன்னால் இத்தனை சீட்டையும் படித்தவன் என்று ஆகும். எழுத்து தெரியாதவன் என்றுதான் என்னை இந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

உப்புக்கண்டம் எப்போதும் தாமதமாகத்தான் செய்வான். கடைசியில் எல்லாம் சரியாகிவிடும். பதினான்கு அத்தியாயத்திலும் அப்படித்தான் வருகிறது.

நவம்பர் 11, திங்கள்

வெள்ளிக்கிழமை நடந்ததை மூன்று நாளாக எழுதுகிறேன்.

காலையில் காபியை அம்மா கையில் வைத்தேன். கதவைச் சாத்தினேன். "அம்மா, எனக்குப் படிக்கத் தெரியும்" என்றேன்.

அம்மா காபியை முழுவதும் குடித்து முடித்தார். "எத்தன நாளா?" என்று கேட்டார்.

"சீட்டு படிக்க ஆரம்பிச்சது ஒரு மாசமா."

"எனக்குக் கண்ணு போனது உனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"செவ்வாக்கெழமையிலருந்து."

"அப்பம் ரெண்டு பேரும் திருடங்கதான்" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. கண் போனது தெரிந்தால் தம்பி பரிதாபப்பட்டு மேலே வந்துவிடுவான், பரிதாபத்தில் வருகிறவனிடம் எனக்குப் பேச்சில்லை, அதனால்தான் மறைத்தேன் என்றார். பிறகு சீட்டுகளை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

மேலே இருந்ததிலிருந்து தொடங்கினேன். மழை 6 மில்லிமீட்டர். மழை இல்லை. மாமரத்தில் பூ. மழை 22. காக்காய் உன் ஜன்னலில் கூடு கட்டுகிறது, கவனி. அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். நானும் படித்தேன். யாருக்காவது படித்துக் காட்டுவது எனக்கு அதுதான் முதல் தடவை. நன்றாகப் படித்தேன். வீட்டுச் சீட்டை முதலில் எடுத்திருக்க வேண்டும். அடுக்கில் அது கீழே போயிருந்தது.

அதைப் படித்ததும் அம்மாவின் கை காபி டம்ளரைத் தேடியது. டம்ளர் காலியாக இருந்தது.

"இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

"மணி?"

ஐந்து கடிகாரங்களையும் பார்த்தேன். ஒன்று எட்டே கால், ஒன்று பத்து, ஒன்று பத்தரை, ஒன்று பன்னிரண்டு ஐம்பது. ஐந்தாவது நின்றுபோயிருந்தது. வெயிலை வைத்துப் பத்து என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கடிகாரம்தான் எனக்குப் பிடித்ததாகவும் இருந்தது.

"வேண்டாம்னு எழுது. ஒரே வார்த்த. எழுதிக் கொண்டுபோய்க் குடு" என்றார்.

நான் தாளும் பேனாவும் எடுத்தேன். அம்மாவின் மேசையில், அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் ஒரு மனிதனுக்கு நான் எழுதும் முதல் கடிதம் அது. வெறுமனே வேண்டாம் என்று எப்படி எழுதுவது. கடிதம் எழுதும் முறை டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஓரத்தில் கோடு போட்டேன். வலது பக்க மேல்மூலையில் ஊர், தேதி. அன்புள்ள தம்பிக்கு. நலம், நலமறிய ஆவல். ஆவல் என்பதில் மை தெறித்துவிட்டது. வேறு தாள் எடுத்தேன். இரண்டாவது தாளில் கோடு கோணலாகிவிட்டது. அம்மா இரண்டு தடவை, ஆயிற்றா என்று கேட்டார். இதோ, இதோ என்றேன். மூன்றாவது தாள் நன்றாக வந்தது. கீழே இப்படிக்கு, அன்புள்ள அக்கா என்று முடித்து, ஊதிக் காயவைத்தேன்.

பதினேழு படி இறங்கினேன். ஐயாவின் நாற்காலி காலியாக இருந்தது. கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டே முக்கால்.

போன் மேசைக்காலில் கட்டியிருந்தது. தெருவுக்கு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் முதல் பஸ் வந்தது. போர்டில் இரண்டாவது எழுத்துக்கு வருவதற்குள் அது கிளம்பிவிட்டது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைப் படித்துவிட்டேன், சரியான பஸ்தான், ஏறினேன். முன்பெல்லாம் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுவிட்டு முதல் பஸ்ஸிலேயே ஏறியிருப்பேன். அன்று கேட்கத் தோன்றவில்லை.

பத்திர ஆபீஸ் வாசற்படியில் ஐயா இறங்கி வந்துகொண்டிருந்தார். இடது பெருவிரலில் நீல மை. அத்தனை படித்த ஐயாவிடமும் அங்கே கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். அதைத் துடைக்கத் துணி இல்லாமல் விரலைத் தனியாக நீட்டிக்கொண்டு வந்தார்.

கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"யார் எழுத்து இது?"

"என் எழுத்துதான் ஐயா."

"அவ ஏன் எழுதல?"

"அம்மாவுக்குக் கண்ணு தெரியல ஐயா. எட்டு மாசமாச்சு."

ஐயா வாசற்படியிலேயே உட்கார்ந்தார். ஆட்கள் அவரைச் சுற்றி ஏறி இறங்கினார்கள். பன்னிரண்டு மணிக்குப் பிறகும் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருந்ததாகச் சொன்னார். காரில் ஏறிய பிறகும் ஒருமுறை மாடி ஜன்னலைப் பார்த்தாராம். அது திறந்திருந்ததாம், யாரும் இல்லையாம்.

"ஒரு வார்த்த போதும்னுதானே எழுதியிருந்தேன் மாகாளி. நலமறிய ஆவல் எதுக்கு?"

"அப்படித்தான் ஆரம்பிக்கணும்னு டீச்சர் சொன்னாங்க ஐயா."

தலையை ஆட்டினார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையில் விரல் பட்ட இடத்தில் நீலம் ஒட்டிக்கொண்டது. துவைத்துப் பார்த்தேன், போகவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

இதை எழுத மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் ஐயா மாடிப்படிக்குக் கீழே போய் நின்றார். நான் மேலே அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"கீழ நிக்கான். எண்ணுதான்" என்றார்.

இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கீழே செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.

நவம்பர் 15, வெள்ளி

ஐயா இன்று போன வெள்ளிக்கிழமைப் பேப்பரைப் பிரித்தார். எல்லாப் பக்கமும் பார்த்தார். நம் வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

மழைச் சீட்டு வந்தது. இனி நீயே படித்துக் காட்டு என்று சொல்லி ஐயா என்னிடம் கொடுத்தார். மழை 31 மில்லிமீட்டர். படித்துக் காட்டினேன். பதில் எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். என்ன எழுத என்றார்.

நவம்பர் 20, புதன்

ஐயாவின் மகள் போனில் பேசினாள். என்னைப் பற்றியும் கேட்டாளாம். மாகாளிக்கு ஊரில் யாராவது இருப்பார்கள் என்று ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நிறையத் துருவிவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

இரண்டு கடிகாரங்களை அம்மா என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நேரம் காட்டும் ஒன்றும் நின்றுபோன ஒன்றும். நின்றுபோனது யாரோ வெகுகாலத்துக்கு முன்பு பழுது பார்த்துக் கொடுத்ததாம். எனக்கு வைக்கச் சுவர் இல்லை. அதைச் சொல்லவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

ஐயா காலையில் பெங்களூர் கிளம்பினார். முதியோர் இல்லத்துக் கார் வெள்ளிக்கிழமைதான் வரும். கிளம்பும்போது ஜாம் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டார். மேலே கொண்டுபோகச் சொல்லி என்னிடம் ஒரு சீட்டு கொடுத்தார். மடித்திருந்தது. மடித்த சீட்டு அவர் கொடுத்ததே இல்லை.

அம்மாவிடம் பிரித்துக் காட்டினேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார்.

ஒன்றும் எழுதவில்லை என்று சொன்னேன். நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். இப்போது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

நவம்பர் 27, புதன்

அம்மாவிடம் ஒன்று கேட்டேன். புத்தகத்தை எடுத்து வந்து படித்ததையும் சொன்னேன். உப்புக்கண்டம் நான்தான் என்பது எனக்குத் தெரியும், அதில் வருத்தம் இல்லை, ஆனால் கடைசியாக ஒரு அத்தியாயம் சேர்க்க வேண்டும் என்றேன். அதில் வீட்டை விற்கப் போகிறார்கள். உப்புக்கண்டத்திடம் ஒரு கடிதம் இருக்கிறது. அதை அவன் நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

"பிள்ளைங்க கதையில அவன் எப்பவுமே நேரத்துக்கு வந்துருவான் மாகாளி. லேட்டா வந்தாலும் அதுதான் நேரமா இருக்கும்" என்றார்.

"அப்பம் சொல்லுங்க. நான் எழுதுதேன்."

"உன் வேகத்துக்கா?"

அம்மாவுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

நவம்பர் 28, வியாழன்

காலை முதல் அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வரி சொல்லிவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார். நடுவில் இரண்டு தடவை தூங்கி எழுந்தார். மதியம் சமைக்கவில்லை, பன் சாப்பிட்டோம். இந்த வீட்டுக்கு வந்து ஐம்பத்தாறு வருடத்தில் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது இன்றைக்குத்தான்.

உப்புக்கண்டம் மாடியில் கடிதத்தை வாங்குகிறான். முடி வெட்டப் போகவில்லை. வேட்டி துவைக்கவில்லை. அப்படியே கிளம்புகிறான். படி இறங்குகிறான். ஒவ்வொரு படிக்கும் அம்மா ஒரு வேடிக்கை வைத்தார். மூன்றாவது படியில் பூனை. ஐந்தாவதில் சாம்பிராணிப் புகை, மூன்று தும்மல். ஏழாவதில் அளவுகோல் மாமாவின் நாடா காலில் சுற்றிக்கொள்கிறது. நான் சிரித்துச் சிரித்து எழுதியதில் அந்த வரி கோணலாகிவிட்டது. அழித்து எழுதவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

மீதியைக் காலையில் முடித்துவிடலாம் என்று விடிந்ததும் உட்கார்ந்தோம். கார் பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதுக்கே வந்துவிட்டது.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பதினேழு படியும் இறங்கினார். நான் எண்ணினேன். கடைசிப் படியில் நின்று, கதை எதுவரை வந்தது என்று கேட்டார்.

ஒன்பதாவது படி என்றேன். உப்புக்கண்டம் அங்கேதான் நிற்கிறான். கடிதம் கையில் இருக்கிறது.